ஒரகடத்திலிருந்து கடல்மல்லை வரை

காஞ்சிபுரம் மாவட்டத்து ஸ்ரீபெரும்புதூரில் தொடங்கி, ஒரகடம், சிங்கப்பெருமாள்கோவில், செங்கல்பட்டு, திருக்கழுக்குன்றம் ஆகிய ஊர்களைக் கடந்து மாமல்லபுரத்தில் கடலை எட்டும் சாலைவழி ஏறத்தாழ 65 கிலோமீட்டர் நீளமுடையது. எங்கும் நிற்காமல் சென்றால் இரண்டு மணி நேரத்துக்குள் முடிந்துவிடக்கூடிய இப்பயணத்தை ஒருநாள் முழுவதற்கும் நீட்டிக்கொள்ளத் தக்க காரணங்கள் உண்டு. கார்களும் கைப்பேசிகளும் உருவாகும் ஆலைப் பகுதியில் புறப்படும் இவ்வழி, ஏரிகள் நிறைந்த சமவெளியின் ஊடே சென்று, பல்லவர் காலத்தில் குடையப்பட்ட குன்றுகளைத் தொட்டு, அப்பல்லவரின் துறைமுகத்தில் முடிகிறது. ஆலைகளில் பணிபுரிவோரில் பலர் விடுமுறை நாளில் மாமல்லபுரம் செல்கின்றனர். கடற்கரைக் கோயிலும் கடலுமே அவர்களின் நோக்கமாக இருப்பதால் இடைவழி வெறும் தூரமாகவே கழிந்துவிடுகிறது. ஆனால் மாமல்லபுரத்தை விளங்கிக்கொள்ள வேண்டிய செய்திகளில் பாதி அந்த இடைவழியில்தான் கிடக்கின்றன.

புறப்படும் இடத்தின் இன்றைய தோற்றம் முப்பது ஆண்டுகளுக்குள் உருவானது. 1971ஆம் ஆண்டு நிறுவப்பட்ட தமிழ்நாடு மாநிலத் தொழில் மேம்பாட்டுக் கழகம், அதாவது சிப்காட், நிலத்தைக் கையகப்படுத்திச் சாலை, நீர், மின்சாரம் ஆகியவற்றோடு தொழிற்சாலைகளுக்கு ஒதுக்கித் தரும் அரசு நிறுவனமாகும். ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் நிறுவனம் ஆலை அமைத்து 1998இல் முதல் காரை வெளியிட்ட பிறகு, இவ்வட்டாரத்தின் போக்கே மாறியது. 2006இல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா கைப்பேசி ஆலை 2014இல் மூடப்பட்டாலும், ஒரகடத்தில் ரெனோ–நிசான் கூட்டு ஆலை 2010இலும், பாரத்பென்ஸ் சரக்குந்துகளை உருவாக்கும் டெய்ம்லர் ஆலை 2012இலும், ராயல் என்ஃபீல்டு ஆலை 2013இலும் இயங்கத் தொடங்கின. இவற்றுக்காகவே ஸ்ரீபெரும்புதூரையும் சிங்கப்பெருமாள்கோவிலையும் இணைக்கும் மாநில நெடுஞ்சாலை 57, வண்டலூரையும் வாலாஜாபாத்தையும் இணைக்கும் மாநில நெடுஞ்சாலை 48 ஆகிய இரண்டும், ஒரகடம் தொழிற்பெருவழித் திட்டம் என்னும் பெயரில் தமிழ்நாடு சாலை மேம்பாட்டு நிறுவனத்தால் அகலப்படுத்தப்பட்டன. இவ்விரு சாலைகளும் ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் சந்திப்பே ஒரகடம்.

இச்சாலையின் நெரிசல் கடிகாரத்தைப் பின்பற்றுவது. ஒரு ஷிப்ட் முடிந்து அடுத்தது தொடங்கும் வேளைகளில் கம்பெனி பஸ்கள் வரிசையாக வெளிவந்து சாலையை நிறைக்கின்றன. அவற்றுக்கிடையே புதிய கார்களை அடுக்கிச் செல்லும் நீண்ட டிரெய்லர்களும் பெட்டகச் சரக்குந்துகளும் செல்கின்றன. ஆகவே ஞாயிற்றுக்கிழமையின் விடியற்காலையே இப்பயணத்துக்கு ஏற்ற நேரம். பேருந்துகளில் வரும் தொழிலாளர்களில் தென்மாவட்டப் பெண்களும், ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் போன்ற மாநிலங்களிலிருந்து வந்தவர்களும் பெருந்தொகையினர். 2021 டிசம்பரில், விடுதி உணவால் உடன்பணியாளர்கள் நோயுற்றதை எதிர்த்துப் பெண் தொழிலாளர்கள் சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையை மறித்தபோதுதான் இவர்கள் எங்கே தங்குகிறார்கள், எதை உண்கிறார்கள் என்ற கேள்வி பொதுவெளிக்கு வந்தது. வல்லம்–வடகால் சிப்காட் வளாகத்தில் 18,720 பேர் தங்கத்தக்க பெண்கள் விடுதி 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஓர் ஊரின் மக்கள்தொகைக்கு நிகரான எண் அது.

ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளால் மட்டும் அறியப்பட்ட ஊர் அன்று. விசிட்டாத்துவைத நெறியை நிலைநிறுத்திய இராமானுசர் 1017ஆம் ஆண்டு இங்குப் பிறந்தார் என்பது வைணவ மரபு. ஆதிகேசவப் பெருமாள் கோயிலில் உள்ள அவருடைய உருவம் அவர் வாழ்ந்த காலத்திலேயே அவர் ஒப்புதலோடு அமைக்கப்பட்டது என்னும் நம்பிக்கையால் ‘தான் உகந்த திருமேனி’ என அழைக்கப்படுகிறது. 1991 மே 21 இரவு முன்னாள் பிரதமர் இராஜீவ் காந்தி கொல்லப்பட்ட இடத்தில் எழுப்பப்பட்ட நினைவகம் 2003இல் குடியரசுத் தலைவர் அப்துல் கலாமால் திறந்துவைக்கப்பட்டது. இரண்டையும் பார்த்துவிட்டுத் தெற்கே திரும்பினாலும் காலை உணவு நேரத்துக்குள் ஒரகடத்தை அடைந்துவிடலாம்.

ஒரகடத்துக்கு அருகிலுள்ள வடக்குப்பட்டு என்னும் சிற்றூரில் இந்தியத் தொல்லியல் துறை 2022இல் நடத்திய அகழாய்வில் கற்காலக் கருவிகள் கிடைத்தன. அவற்றின் தன்மையைக் கொண்டு அவ்விடம் கருவிகள் செய்யப்பட்ட பட்டறையாக இருந்திருக்கலாம் என்று அகழ்ந்தவர்கள் கருதினர். இவ்வட்டாரத்தின் முதல் உற்பத்திக்கூடம் எதுவென்று கேட்டால், சொல்லத்தக்க விடை அதுவாகவே இருக்கும். ஒரகடத்திலிருந்து கிழக்கே, படப்பையைத் தாண்டி அமைந்துள்ள மணிமங்கலம் வேறொரு வகையில் முக்கியமானது. சாளுக்கிய மன்னன் இரண்டாம் புலிகேசி ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காஞ்சியை நோக்கிப் படையெடுத்தபோது, பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் அவனைப் பரியலம், மணிமங்கலம், சூரமாரம் ஆகிய இடங்களில் தோற்கடித்ததாகக் கூரம் செப்பேடுகள் கூறுகின்றன. அந்த மணிமங்கலம் இதுவே என்பது வரலாற்றாசிரியர்களின் கருத்து. இவ்வெற்றியைத் தொடர்ந்து சாளுக்கியத் தலைநகரான வாதாபியையும் கைப்பற்றிய அம்மன்னனுக்கு மாமல்லன் என்ற பட்டப்பெயரும் உண்டு. பயணம் சென்றடையும் ஊரின் பெயர் அதிலிருந்து வந்தது. ஆக, அவனுடைய போர்க்களம் பயணத்தின் தொடக்கத்திலும் அவனுடைய துறைமுகம் அதன் முடிவிலும் அமைந்திருக்கின்றன.

ஒரகடத்திலிருந்து தெற்கே செல்லச் செல்ல மதிற்சுவர்கள் குறைந்து நீர்ப்பரப்புகள் தென்படத் தொடங்குகின்றன. பழைய செங்கல்பட்டு மாவட்டத்தை ஏரிகளின் மாவட்டம் என்று அழைப்பது புகழ்ச்சியன்று. 2019 நவம்பரில் மாவட்டம் பிரிக்கப்பட்ட பிறகு, நீர்வளத் துறையின் பொறுப்பில் காஞ்சிபுரம் மாவட்டத்தில் 381 ஏரிகளும் செங்கல்பட்டு மாவட்டத்தில் 528 ஏரிகளும் உள்ளன; ஊராட்சிகளின் பொறுப்பிலுள்ள சிறிய ஏரிகளும் குளங்களும் இக்கணக்கில் சேராதவை. இத்தனை ஏரிகள் ஏன் தேவைப்பட்டன என்பதை நிலத்தைப் பார்த்தாலே அறியலாம். ஆண்டு முழுதும் நீரோடும் ஆறு இங்கு இல்லை. பாலாறும் பெரும்பாலான மாதங்களில் மணலாகவே கிடப்பது. மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில், அதுவும் சில நாள்களில், கொட்டித் தீர்ந்துவிடுகிறது. நிலமோ மேற்கிலிருந்து கிழக்காகக் கடலை நோக்கி மிக மெதுவாகச் சரிகிறது. இந்நிலையில், சரிவின் குறுக்கே பிறை வடிவில் மண்கரை எழுப்பி, ஓடிவரும் நீரை மேற்புறத்தில் தேக்கிவைத்தால், அடுத்த சில மாதங்களுக்குக் கீழ்ப்புற வயல்கள் விளையும் என்பதே ஏரியின் அடிப்படை.

இந்த எளிய கருத்தைச் செயற்படுத்தியதில்தான் நுட்பம் இருக்கிறது. நீரைக் கொண்டுவருவது வரத்துக் கால்வாய். தேவையான அளவு நீரை வயலுக்கு விடுவது கரையின் அடியில் அமைந்த மதகு. ஏரி நிரம்பியபின் மிகுநீரைக் கரை உடையாமல் வெளியேற்றுவது கலங்கல் எனப்படும் தாழ்ந்த கற்சுவர். ஓர் ஏரியின் நீரால் பாசனம் பெறும் நிலம் முழுவதும் அதன் ஆயக்கட்டு. ஓர் ஏரியின் கலங்கலிலிருந்து வழியும் நீர் வீணாகாமல் அடுத்த ஏரிக்கு வரத்தாகும்படி, ஏரிகள் சங்கிலித் தொடராக அமைக்கப்பட்டன. ஒரகடத்திலிருந்து தென்மேற்கே உள்ள உத்திரமேரூரில், முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை, ஊர்ச்சபையின் குழுக்களுள் ஏரி வாரியத்தையும் குறிப்பிடுகின்றன. குடவோலை முறைக்காக அக்கல்வெட்டுகள் பெற்ற புகழில் நூற்றில் ஒரு பங்கும் இந்த ஏரி வாரியத்துக்குக் கிடைக்கவில்லை என்பது வியப்புக்குரியது. ஏனெனில் அச்சபை அன்றாடம் செய்த வேலை அதுதான். பதினெட்டாம் நூற்றாண்டிலும் நிலைமை பெரிதும் மாறிவிடவில்லை. ஆர்க்காட்டு நவாபிடமிருந்து கிழக்கிந்தியக் கம்பெனி 1763இல் செங்கல்பட்டுச் சீமையைச் சாகீராகப் பெற்றது. சாகீர் என்பது வருவாயை எடுத்துக்கொள்ளும் உரிமையோடு அளிக்கப்படும் நிலப்பகுதி. அதன் ஊர்களைத் தாமஸ் பர்னார்டு என்னும் பொறியாளர் 1767 முதல் 1774 வரை கணக்கெடுத்தார். விளைச்சலில் ஒரு பங்கை ஊரார் ஏரிப் பராமரிப்புக்கென்று தனியே எடுத்துவைத்தது அக்காலக் கணக்குகளில் பதிவாகியுள்ளது.

இன்று வயல் மனையாகவும் ஆலையாகவும் மாறிய ஊர்களில் ஆயக்கட்டு மறைந்துவிட்டதால், ஏரி யாருக்கும் வேண்டாத பள்ளமாகக் கருதப்படுகிறது. ஆனால் நீர் பழைய வழியை மறப்பதில்லை. சென்னையின் நடுவே ஓடும் அடையாறு மணிமங்கலத்தை அடுத்த மலைப்பட்டு ஏரியின் மிகுநீரில் பிறக்கிறது. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போது பெரும்பாலோர் செம்பரம்பாக்கம் ஏரியின் மதகுகளைப் பற்றியே பேசினர். மணிமங்கலம், படப்பை, ஆதனூர் பகுதிகளின் ஏரிகள் நிரம்பி வழிந்து அடையாற்றை நிறைத்தது அந்தப் பேச்சில் அவ்வளவாக அடிபடவில்லை. மேட்டு நிலத்து வரத்துக் கால்வாயில் ஒரு சுற்றுச்சுவர் எழும்பினால் தாழ்நிலத்து முடிச்சூரில் ஒரு தெரு மூழ்கும். இச்சாலையின் இருபுறமும் உள்ள நிலத்தைப் பற்றி எவரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய செய்தி இதுவே.

சிங்கப்பெருமாள்கோவிலில் சாலை தென்னக இருப்புப் பாதையையும் ஜி.எஸ்.டி. சாலையையும் சந்திக்கிறது. ஊருக்குப் பெயரளித்த பாடலாத்திரி நரசிம்மர் கோயில் ஒரு சிறு பாறைக் குன்றைக் குடைந்து அமைக்கப்பட்ட பல்லவர் காலக் குடைவரை. குடைவரை என்பது கற்களை அடுக்கிக் கட்டாமல் பாறையின் உள்ளே வெட்டி உருவாக்கும் கோயில். கருவறை பாறையோடு ஒன்றாக இருப்பதால் இறைவனை மட்டும் தனியே வலம்வர இயலாது. குன்றையே சுற்றிவர வேண்டும். நெற்றிக்கண்ணுடன் அமைந்த நரசிம்ம உருவம் இங்கு உள்ளது. அர்ச்சகர் திருமண்காப்பை விலக்கித் தீப ஒளியில் அக்கண்ணைக் காட்டுவது வழக்கம்.

அங்கிருந்து செங்கல்பட்டுக்குச் செல்லும் பகுதியில் நிற்பதற்கு ஒன்றுமில்லை; நிற்க நேர்ந்தால் அது பரனூர்ச் சுங்கச்சாவடியாகவே இருக்கும். சாவடியைக் கடந்ததும் இடப்புறம் விரியும் கொளவாய் ஏரி, தென்மாவட்டங்களிலிருந்து தொடர்வண்டியில் வருவோர் சென்னை நெருங்கிவிட்டது என்று அறிந்துகொள்ளும் அடையாளம். விசயநகரக் காலத்துச் செங்கல்பட்டுக் கோட்டை, நீர்ப்பரப்பையும் அகழியையும் அரணாகக் கொண்டிருந்ததால் பதினெட்டாம் நூற்றாண்டுப் போர்களில் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் போட்டியிட்ட இடமாயிற்று. 1752இல் இராபர்ட் கிளைவ் அதனைப் பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினார். பிறகு இருப்புப் பாதையை அக்கோட்டையின் ஊடாகவே போட்டுவிட்டனர், எஞ்சியது சிறிதளவே.

செங்கல்பட்டிலிருந்து கிழக்கே திரும்பும் திருக்கழுக்குன்றம் சாலையில்தான் பயணத்தின் நாட்டுப்புறப் பகுதி உண்மையில் தொடங்குகிறது. நெல்வயல், பனை, ஏரிக்கரை, அவற்றின் பின்னே கரும்பாறைக் குன்றுகள் என்ற வரிசை கடல்வரை தொடர்கிறது. செங்கல்பட்டை ஒட்டிய வல்லத்தில் ஒரு குன்றின்மேல் முதலாம் மகேந்திரவர்மன் காலத்துக் குடைவரைகள் உள்ளன. அவனுடைய சிற்றரசன் வசந்தப்பிரியராசனின் மகன் கந்தசேனன் செய்வித்தது என்ற கல்வெட்டு அங்குக் காணப்படுகிறது. காலையில் கடந்த வல்லம்–வடகால் வேறு, இவ்வல்லம் வேறு. வழி கேட்போர் இதனை நினைவிற்கொள்வது நன்று.

திருக்கழுக்குன்றத்தில் மலைமேல் வேதகிரீசுவரர் கோயிலும் அடிவாரத்தில் பக்தவத்சலேசுவரர் கோயிலும் உள்ளன. தேவார மூவரோடு மாணிக்கவாசகரும் பாடிய தலம் இது. ஐந்நூறுக்கு மேற்பட்ட படிகளை வெயில் ஏறுமுன் ஏறிவிட வேண்டும்; உச்சியிலிருந்து கிழக்கே கடலும் மேற்கே ஏரிகளும் தெரிகின்றன. இவ்வூரில் கிடைத்த முதலாம் ஆதித்த சோழனின் 27ஆம் ஆட்சியாண்டுக் கல்வெட்டு ஒன்று தனிச் சிறப்புடையது. கந்தசிடன் என்னும் பழைய பல்லவ மன்னன் இவ்வூர்க் கோயிலுக்கு அளித்த நிலக்கொடையை, ‘வாதாபி கொண்ட நரசிங்கப் போத்தரையர்’ உறுதிசெய்து காத்ததாகவும், அதனைத் தானும் அவ்வாறே காப்பதாகவும் சோழ மன்னன் அதில் அறிவிக்கிறான். மணிமங்கலத்தில் வென்ற அதே மன்னன், இங்கு ஒரு கோயில் நிலத்தின் காவலனாக நினைவுகூரப்படுகிறான். அவனுடைய குலத்தை வீழ்த்தி எழுந்த சோழ அரசு, இரண்டரை நூற்றாண்டுகளுக்குப் பின்னும் அவன் ஆணையை மதித்தது என்பது வாதாபி வெற்றியைவிடக் குறைந்த பெருமையன்று.

மலைக்கு ஏறும் வழியில் உள்ள ஒருகல் மண்டபம் என்னும் பல்லவர் குடைவரையின் தூண்களில் பதினேழாம் நூற்றாண்டு டச்சுக்காரர்களின் பெயர்கள் வெட்டப்பட்டுள்ளன. துணி வாணிகத்துக்காகச் சதுரங்கப்பட்டினத்தில் தங்கியிருந்த டச்சுக்காரர்களை இம்மலைக்கு ஈர்த்தவை நண்பகல் உணவுக்கு வந்த இரு பறவைகள். காசியில் நீராடி வருவதாக மக்கள் நம்பிய அப்பறவைகளுக்குப் பூசகர் நாள்தோறும் பாறைமேல் சர்க்கரைப் பொங்கல் வைத்தார். கழுகு என்று வழங்கினாலும் அவை மஞ்சள்முகப் பாறு என்னும் பிணந்தின்னி இனத்தைச் சேர்ந்தவை. 1990களின் இறுதியோடு அவற்றின் வருகை நின்றுபோனது. கால்நடைகளுக்கு வலிநீக்கியாகப் போடப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் மருந்து, இறந்த மாட்டின் இறைச்சி வழியே பாறுகளின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்து இந்தியா முழுவதும் அவ்வினங்களை அழிவின் விளிம்புக்குத் தள்ளியதும் ஏறத்தாழ அதே காலத்தில்தான். அம்மருந்தைக் கால்நடைகளுக்குப் பயன்படுத்துவது 2006இல் தடைசெய்யப்பட்டது. பறவைகள் வராததற்குக் கலியுகத்தைக் காரணம் சொல்வோர் உண்டு. கலியுகத்தைவிட ஊசி மருந்தே நம்பத்தக்க காரணமாகத் தோன்றுகிறது.

அடுத்த பதினைந்து கிலோமீட்டரில் சாலை பக்கிங்காம் கால்வாயைத் தாண்டி மாமல்லபுரத்துக்குள் நுழைகிறது. ஆந்திரக் கடற்கரையிலிருந்து மரக்காணம் வரை நீளும் இவ்வுப்புநீர்க் கால்வாய், 1876–78 பெரும்பஞ்சத்தின்போது நடந்த நிவாரண வேலைகளால் சென்னை நகருக்குள் இணைக்கப்பட்டு, அன்றைய ஆளுநரின் பெயரைப் பெற்றது.

மாமல்லபுரத்தின் சின்னங்கள் 1984இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் இடம்பெற்றவை. அவற்றைப் பற்றிய வழிகாட்டிகளுக்குக் குறைவில்லை. வழியில் சிங்கப்பெருமாள்கோவிலையும் வல்லத்தையும் ஒருகல் மண்டபத்தையும் பார்த்து வருபவர், இங்கு மூன்று வகைக் கோயில்கள் அருகருகே நிற்பதை எளிதில் இனங்காண்பார்: வராக மண்டபம் போன்ற குடைவரைகள்; பாறையை மேலிருந்து கீழாகச் செதுக்கிக் கோயில் வடிவாக்கிய ஒற்றைக்கல் தளிகள், அதாவது ஐந்து இரதங்கள்; வெட்டியெடுத்த கற்களை அடுக்கிக் கட்டிய கடற்கரைக் கோயில். இரதங்களுள் எதுவும் முழுமை பெறவில்லை. அக்குறையே நமக்கு வாய்ப்பாக அமைந்தது. எங்கிருந்து உளி இறங்கியது, எவ்வளவு பாறையை முதலில் கட்டங்கட்டமாக வெட்டி அகற்றினர் என்பதை முடிவுறாத பகுதிகளே காட்டுகின்றன. கடற்கரைக் கோயில் எட்டாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் ஆண்ட பல்லவ மன்னன் இராசசிம்மனுடையது என்பதில் கருத்து வேறுபாடு இல்லை. மற்றவை முதலாம் நரசிம்மன் தொடங்கிப் பல தலைமுறையினர் செய்தவை என்பது பரவலான கருத்து. அனைத்தும் இராசசிம்மனின் படைப்புகளே என்று தொல்லியல் அறிஞர் இரா. நாகசாமி 1962இல் வாதிட்டார். ஊரின் பெயரையும் கல்வெட்டுகளிலுள்ள பட்டப்பெயர்களையும் ஒரே மன்னனோடு அவசரமாகப் பொருத்தக்கூடாது என்ற எச்சரிக்கையாகவேனும் அவ்வாதம் பயனுடையது.

சின்னங்களைக் காட்டிலும் உயிருள்ள ஒன்று இவ்வூரில் உண்டு. கல் செதுக்கும் தொழில் இங்கே தெருவெங்கும் நடக்கிறது. 1957இல் தொடங்கிய அரசுச் சிற்பப் பயிற்சி நிலையம் இன்று கல்லூரியாக வளர்ந்துள்ளது. மாமல்லபுரம் கற்சிற்பங்கள் புவிசார் குறியீடும் பெற்றுள்ளன. வைணவர்களுக்கு இவ்வூர் கடல்மல்லை. பூதத்தாழ்வார் அவதரித்த இடம். தலசயனப் பெருமாள் கோயில் பேருந்து நிலையத்துக்கு அருகிலேயே உள்ளது. இராமானுசர் ஊரில் தொடங்கிய பயணம் ஆழ்வார் ஊரில் முடிவது இயல்பான பொருத்தம்.

கடலைப் பற்றி ஓர் எச்சரிக்கை தேவை. இக்கடற்கரையில் அலை உடைந்து திரும்பும்போது அடிநீர் வலுவாக உள்ளே இழுக்கிறது; நீச்சல் அறிந்தவர்களையும் அது விடுவதில்லை. ஆண்டுதோறும் இங்கு மூழ்குவோரில் பெரும்பாலோர் ஒருநாள் பயணமாகக் கூட்டத்தோடு வரும் இளைஞர்கள். காலை நனைப்பதோடு நிறுத்திக்கொள்வதே அறிவுடைமை.

எண்ணூர்த் துறைமுகத்திலிருந்து மாமல்லபுரத்தை அடுத்த பூஞ்சேரி வரை, 132 கிலோமீட்டருக்குச் சற்று மேற்பட்ட நீளத்தில், சென்னை எல்லைச் சாலை ஐந்து பகுதிகளாகத் திட்டமிடப்பட்டுள்ளது. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து சிங்கப்பெருமாள்கோவில் வரையுள்ள இன்றைய சாலையே அதன் நான்காம் பகுதி. ஐந்தாம் பகுதி சிங்கப்பெருமாள்கோவிலிலிருந்து ஏறத்தாழ 27 கிலோமீட்டரில் பூஞ்சேரியை அடைகிறது. சரக்கு வண்டிகளுக்கு அது நல்ல வழி. அச்சாலை செங்கல்பட்டு நகரையும் திருக்கழுக்குன்றத்தையும் தொடாமல் செல்வதால், கொளவாய் ஏரியையும் வேதகிரியையும் காண விரும்புவோர் அது திறந்த பிறகும் பழைய சாலையிலேயே செல்ல வேண்டியிருக்கும்.